இன்று இருட்டு எட்டேகால் மணி

ஆவாரங்குளம் நூற்பாலைக் குடியிருப்பின் ஏழாம் தெருவில் ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடியாமல் அப்படியே நின்றுபோனதை முதலில் கவனித்தவர் அணைஞ்சபெருமாள்தான், ஏனென்றால் இருட்டியதும் அவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்ள வேண்டும், ஆறேகால் மணிக்கு எடுத்த மருந்துப் புட்டி ஏழு மணியாகியும் திறக்காமல் கையிலேயே இருந்தது. ஆறாம் தெருவில் இருட்டிவிட்டது, எட்டாம் தெருவிலும் இருட்டிவிட்டது, ஏழாம் தெருவில் மட்டும் சுவர்களிலும் தண்ணீர்க் குடங்களிலும் காயப்போட்ட சேலைகளிலும் மஞ்சளும் ரோஜாவும் கலந்த வெளிச்சம் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. அவருடைய மருமகள் தங்கபுஷ்பம் வாசலில் முக்காலி போட்டு ஏறி நின்று, பல நாளாக எரியாமல் கிடந்த தெருவிளக்குக் கம்பத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி, திருப்புளியால் அதற்குள் எதையோ திருகிக்கொண்டிருந்தாள்.

"ஏ தாயி, பொழுத எங்க கட்டிப் போட்டிருக்க? மருந்து விடணும்லா."

"ஒரு நிமிஷம் மாமா, விளக்கு எரிய மாட்டேங்குது."

அவள் திருகை இடது பக்கம் கால் சுற்று திருப்பினாள். பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது, கம்பத்தில் விளக்கு எரிந்தது, அடுத்த கணமே தெருவின்மேல் யாரோ கருப்பு ஜமுக்காளத்தை உதறி விரித்ததுபோல ராத்திரி விழுந்தது. அவள் திருகைப் பழையபடி வலது பக்கம் திருப்பினாள். விளக்கு அணைந்தது, சாயங்காலம் திரும்பி வந்து குடங்களின்மேல் உட்கார்ந்துகொண்டது. நான்கு தடவை செய்து பார்த்துவிட்டு, மாமனார் மருந்து விடுவதற்காக இருட்டாக்கி வைத்துவிட்டு, முக்காலியை எடுத்துக்கொண்டு தோசை மாவு ஆட்டுவதற்கு உள்ளே போனாள்.

தங்கபுஷ்பத்துக்கு அப்போது முப்பத்திநான்கு வயது. மில்லில் வைண்டிங் பிரிவில் பதினைந்து வருஷமாக நூல் சுற்றுகிறவள். நான்கு வருஷமாகச் சாயங்கால வகுப்பில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படிக்கிறவள். ஜூன் மாதம் மில்லுக்குத் தானாக நூல் சுற்றும் மிஷின்கள் வருகின்றன என்றும், டிப்ளமா வைத்திருப்பவர்கள் மெயின்டனன்ஸ் பிரிவுக்குப் போகலாம், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றும் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கடைசி வருஷத்துப் புராஜக்டுக்கு அவளோடு சேர்ந்த இரண்டு பேரில் ஒருத்தன் கத்தாருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டான், இன்னொருத்தி பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள். ஆகவே இருட்டினால் தானாக எரிகிற தெருவிளக்கு என்னும் அந்தப் புராஜக்ட் முழுவதும், வெளிச்சத்தை உணர்கிற சின்ன வில்லையிலிருந்து அறுபது பக்க ரெக்கார்டு நோட்டு வரைக்கும், பஸ் டிரைவரான புருஷனும் ஆறாம் வகுப்பு மகளும் கண் ஆபரேஷன் செய்த மாமனாரும் உள்ள வீட்டில், முதல் ஷிப்டுக்கும் சாயங்கால வகுப்புக்கும் நடுவே கிடைக்கிற இடுக்கில், அவள் ஒருத்தி கையால் முடிய வேண்டியிருந்தது.

மறுநாள் கல்லூரியில் அவளுடைய கைடு எஸ்தர் மேடத்திடம் விஷயத்தைச் சொன்னாள். மேடம் சர்க்யூட் படத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"வயரிங் சரியாத்தானே இருக்கு. இருட்டினா விளக்கு எரியணும். உனக்கு விளக்கு எரிஞ்சா இருட்டுது. அவ்வளவுதானே?"

"ஆமா மேடம். எரியலைன்னா இருட்ட மாட்டேங்குது."

"சரி, ரெக்கார்டுல உள்ளது உள்ளபடி எழுது. தெருவுலேயே மாட்டினதால எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அங்க வந்துதான் பார்ப்பார். பங்குனி பன்னிரண்டு. ரெக்கார்டு அட்டை கிழியாம வச்சுக்கோ."

தெரு அதை ஏற்றுக்கொள்ள மூன்று நாள்கூட ஆகவில்லை. மோர்மிளகாய் காயவைத்தவர்கள் கூடுதலாக ஒரு மணி நேரம் காயவைத்தார்கள், கோழிகள் கூண்டு வாசல்வரை போய் யோசித்து நின்றுவிட்டுத் திரும்பி வந்தன, பூக்காரி பிச்சம்மாளின் பிச்சிப்பூ மொட்டுகள் விரியும் நேரம் தெரியாமல் மூடிய வாயோடு கூடையில் காத்திருந்ததால் அவளுக்கு நிதானமாகக் கட்ட முடிந்தது, முனை வீட்டுக் காதர் மைதீன் குடும்பத்தார் பாங்குச் சத்தத்தைக் கேட்டு நோன்பு திறந்தார்கள், மாரியம்மன் கோயில் பூசாரி ஒவ்வொரு சாயங்காலமும் ஆறாம் தெரு முக்குவரை நடந்துபோய் அங்கே இருட்டிவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து விளக்கேற்றினார், மின்சார வாரியத்துக்காரர் மீட்டரைப் பார்த்து ஏழாம் தெருவில் யாரும் லைட் போடுவதில்லையா என்று கேட்டு அதையும் ஒரு குறிப்பாக எழுதிக்கொண்டு போனார். குடியிருப்போர் சங்கத் தலைவர் பவுன்ராஜ் பெட்டிக்கு ஓர் இரும்புக் கூடு செய்து பூட்டுப் போட்டார், பிள்ளைகள் திருகிவிடக் கூடாது என்று. தெரு முக்கில் ஒரு கரும்பலகை வைத்து தினமும் மத்தியானம் சாக்பீசால் எழுதினார்: 'இன்று இருட்டு: 7.00'. சங்கத்துக்கு மனுக்கள் வர வர அது ஏழரை ஆனது, பிறகு எட்டேகால் ஆனது. எதிர்த்தெருக்காரர்கள் துணி துவைத்து எடுத்துக்கொண்டு வந்து ஏழாம் தெருக் கொடிகளில் காயப்போட்டார்கள்.

பத்தாம் நாள் பதினான்காம் நம்பர் வீட்டுச் செம்பகத்தம்மாள் இறந்துபோனாள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம், ஒரே மகன் சூரத்திலிருந்து வந்துகொண்டிருந்தான், ரயில் தாமதம். தெருவே தங்கபுஷ்பத்தைப் பார்த்தது. பவுன்ராஜ் சாவியை எடுத்துக் கொடுத்தார். அவள் மில் சேலையோடு முக்காலியில் ஏறித் திருகை வலது பக்கம் கடைசிவரை திருப்பிப் பிடித்துக்கொண்டாள், ஏனென்றால் அதற்கு அப்பால் திருகு நழுவியது, கையை எடுத்தால் விளக்கு கண் சிமிட்டியது. எட்டு மணி ஆனது, ஒன்பது ஆனது. பெண்கள் பாட, கொட்டுக்காரர்கள் ஓய்ந்து ஓய்ந்து அடிக்க, சாயங்காலம் அந்தத் தெருவில் பந்தல்போல நின்றது. ஒன்பது நாற்பதுக்கு மகன் ஆட்டோவிலிருந்து இறங்கி, பையைத் தரையில் போட்டுவிட்டு, ரோஜா நிற வெளிச்சத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்து அழுதான். எடுத்துக்கொண்டு போன கூட்டம் தெருவைத் தாண்டி ராத்திரிக்குள் நுழைந்த பிறகுதான் தங்கபுஷ்பம் கையை எடுத்தாள். விரல் மரத்துப்போயிருந்தது. அன்றைக்கு அவளுக்குத் தன் சர்க்யூட்டை நினைத்து நெஞ்சு நிறைந்திருந்தது.

ஆனால் நீண்டுபோன சாயங்காலத்தில் அவளுக்கென்று ஐந்து நிமிஷம்கூட மிஞ்சவில்லை. பொழுது நீண்டதும் எல்லோருக்கும் இன்னொரு தடவை பசித்தது. அணைஞ்சபெருமாள் இரண்டாவது காபி கேட்டார்; மகள் சுபிக்‌ஷா இருட்டாத வரைக்கும் படிக்க வேண்டியதில்லை என்று தெருவில் விளையாடினாள்; புருஷன் பால்வண்ணன் டிரிப் முடித்துவிட்டு இரண்டு கண்டக்டர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, உங்கள் தெருவில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் பாராட்டியதைச் சொல்லி, கடலை வறுக்கச் சொன்னான்; சூப்பர்வைசர் நாராயணசாமி, "உங்க தெருவுலதான் பகல் மிச்சம் இருக்கே, ஓவர்டைம் பார்த்துட்டுப் போயேன்" என்றார். ரெக்கார்டு நோட்டில் அவள் பதினோராம் பக்கத்தைத் தாண்டவில்லை.

இன்னொரு விஷயம் யாருக்கும் முதலில் புரியவில்லை. சாயங்காலம்தான் சர்க்யூட்டின் பேச்சைக் கேட்டது, விடியல் கேட்கவில்லை. மில் சங்கு வழக்கம்போல ஐந்தரைக்கு ஊதியது. கரும்பலகையில் எட்டேகால் ஒன்பதானது, ஒன்பது பத்தானது, அந்தப் பக்கம் விடியல் நகராமல் நிற்க, நடுவில் ராத்திரி வேட்டித் துண்டுபோலக் குறுகியது. தெரு முழுக்க ஆட்கள் பல் தேய்த்தபடியே தூங்கினார்கள். பிச்சம்மாள் மாலை கட்டும்போது பூவுக்குப் பதில் தன் முந்தானையை வைத்துக் கட்டினாள். ஒருநாள் காலை முதல் டிரிப்பில் பால்வண்ணன் ஸ்டியரிங்கில் கண்ணயர்ந்து, பஸ் சாலையை விட்டு இறங்கி, ஆளில்லாத பயணிகள் நிழற்குடையின் தூணை உரசிக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. அவனுக்கு மெமோ கொடுத்தார்கள். அவன் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"முப்பத்தியெட்டுப் பேரு இருந்தாங்க புஷ்பம். ஸ்கூல் பிள்ளைகளு."

அவள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நேரே பவுன்ராஜ் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, சாவி."

"என்னம்மா, இன்னைக்குப் பத்துன்னு எழுதியாச்சே. பத்தொன்பதாம் நம்பர்ல பூப்பு நீராட்டு, வீடியோக்காரன் வாரான்."

"சாவி கொடுங்க."

"சங்கத்துல பேசி முடிவெடுக்கிற விஷயம்மா இது. ஒருத்தர் இஷ்டத்துக்கு..."

"அண்ணாச்சி, அது என் புராஜக்ட்டு. நாளன்னிக்கு எக்ஸ்டர்னல் வாரார். நாலு வருஷம் நான் இந்தத் தெருவுல எல்லாரும் தூங்கினப்புறம் படிச்சேன், எல்லாரும் எந்திரிக்கிறதுக்கு முன்னால எழுதினேன். இப்ப தூங்குறதுக்கே யாருக்கும் நேரமில்ல. எங்க வீட்டுக்காரர் இன்னைக்குத் தூணைத் தொட்டாரு. நாளைக்கு எதைத் தொடுவாருன்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது அந்தத் திருகு மட்டும்தான். அதை நான் பார்த்துக்கிடுதேன்."

அவள் குரல் உயரவில்லை. நின்றுபோன மிஷினைக் காட்டி எங்கே அறுந்திருக்கிறது என்று சொல்கிறவளின் குரல் அது. பவுன்ராஜ் தானும் மூன்று நாளாகச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தூங்கி விழுகிறவர்தான். அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். பூப்பு நீராட்டு வீடியோ பந்தல் லைட்டிலேயே நன்றாக வந்தது என்று பிறகு சொன்னார்கள்.

மறுநாள் முதல் ஷிப்டு முடித்து இரண்டரை மணிக்கு வந்தவள், கரும்பலகையில் இருந்ததை அழித்துவிட்டுத் தன் கையெழுத்தில் எழுதினாள்: 'இன்று இருட்டு: 4.00'. சாயங்காலத்தைப் பிடித்து நிறுத்துகிற திருகு, இடது பக்கம் கடைசிவரை திருப்பினால் ராத்திரியைக் கூப்பிட்டுக்கொண்டும் வரும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பையை இறக்கி வைத்தார்கள், கோழிகள் கூண்டுக்குள் போயின, அணைஞ்சபெருமாள் மருந்துப் புட்டியைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டார். நான்கு மணிக்கு 'டிக்' என்றது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஆவாரங்குளத்தின் நடுவே ஏழாம் தெருவில் மட்டும் ராத்திரி இறங்கியது. நட்சத்திரங்கள்கூட வந்தன, தெருவின் அகலத்துக்கு ஒரு பட்டையாக. பத்து நிமிஷத்தில் ஐம்பத்திரண்டு வீடுகளும் தூங்கிவிட்டன. ஆறாம் தெருக்காரர்கள் முக்கில் நின்று எட்டிப் பார்த்து, குறட்டைச் சத்தம் கேட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடந்துபோனார்கள்.

கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் முதல்தடவையாகத் தங்கபுஷ்பம் விழித்திருக்கும்போது அவளை யாரும் கூப்பிடவில்லை. அடுப்பில் எதுவும் இல்லை. தெருவிளக்கின் வெளிச்சத்தில் வாசற்படியில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டைத் திறந்து பன்னிரண்டாம் பக்கத்தில் தொடங்கினாள். வில்லை என்ன செய்கிறது, டிரான்சிஸ்டர் என்ன செய்கிறது, ரிலே என்னும் சுவிட்சில் சுருள் காந்தமாகும்போது உள்ளே இருக்கும் நாக்கு எப்படி இழுபடுகிறது, எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான், எழுத நேரம்தான் இல்லாமல் இருந்தது. பேனா ஓர் இடத்திலும் நிற்கவில்லை. ஏழு மணிக்கு, வெளியே மற்றவர்களின் ராத்திரி வந்து ஏழாம் தெருவின் ராத்திரியோடு சேர்ந்து ஒன்றானபோது, அறுபதாம் பக்கத்தில் கோடு போட்டு முடித்தாள். உள்ளே போய் மகளின் காலை நகர்த்திவிட்டுப் படுத்தாள். சங்கு ஊதும்வரை அவளுக்குக் கனவுகூட வரவில்லை.

பங்குனி பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு எஸ்தர் மேடத்தோடு வெளித்தேர்வாளர் தேவசகாயம் ஒரு பழைய ஸ்கூட்டரில் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா, சிரிக்காத முகம். தெருவில் எல்லோரும் விசேஷத்துக்கு உடுத்துவதுபோல உடுத்திக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

"ஆரம்பிங்கம்மா."

தங்கபுஷ்பம் கூட்டைத் திறந்து திருகைத் திருப்பினாள். டிக். விளக்கு எரிந்தது, இருட்டியது. தேவசகாயம் கைக்கடிகாரத்தை விளக்குக்கு நேரே பிடித்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். அவள் திரும்பத் திருப்பினாள், சாயங்காலம் வந்தது. அதையும் குறித்துக்கொண்டார்.

"ரிலேவுக்குக் குறுக்கே டயோடு எதுக்குப் போட்டிருக்கீங்க?"

"ரிலே அணையும்போது சுருள்லேருந்து எதிர்ப்பக்கமா ஒரு உதை வரும் சார். டயோடு இல்லேன்னா அந்த உதை டிரான்சிஸ்டரைத் தூக்கிரும்."

"அனுபவத்துல சொல்றீங்களா, படிச்சதைச் சொல்றீங்களா?"

"மூணு டிரான்சிஸ்டர் போன அனுபவம் சார்."

அவர் முகத்தில் ஒரு கோடு அசைந்தது. இருபது நிமிஷம் கேட்டார், இருபது நிமிஷமும் அவள் பதில் சொன்னாள். ஒன்றுக்கு மட்டும் தெரியாது என்று சொன்னாள், அதையும் தலை குனியாமல் சொன்னாள். கடைசியில் ரெக்கார்டு நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"இங்க ஒரு தப்பு இருக்கு. இருட்டிலேருந்து விளக்குக்கு அம்புக்குறி போட்டிருக்கீங்க. உங்க சர்க்யூட்டுல விளக்கிலேருந்து இருட்டுக்குத்தானே போகுது?"

அவள் குனிந்து பார்த்தாள். "ஆமா சார். பழைய படத்தைப் பார்த்து வரைஞ்சுட்டேன்."

"திருப்பிப் போடுங்க. அதுக்கு மூணு மார்க் குறைச்சிருக்கேன்." பேனாவை மூடினார். "தொண்ணூற்றியேழு. சர்க்யூட் போர்டை இன்னைக்கு எட்டு மணிக்குள்ள லேப்ல ஒப்படைச்சிரணும், விதி அது."

பவுன்ராஜ் ஒரு அடி முன்னால் வந்தார். "சார், இது எங்க தெருப் பொதுச் சொத்து மாதிரி ஆயிப்போச்சு. இத எடுத்துட்டா, நாளைக்கு எங்களுக்குச் சாயங்காலம் எப்படி..."

"வரும் அண்ணாச்சி," என்றாள் தங்கபுஷ்பம். "நான் பெட்டி மாட்டுறதுக்கு முன்னால வரலையா? நான் பிடிச்சு வச்சிருந்தேன், அவ்வளவுதான். விட்டா அது பாட்டுக்கு வரும்."

பிச்சம்மாள் அவசரமாகக் கேட்டாள்: "யாராவது செத்துப் பிள்ளைகள் வர நேரமாச்சுன்னா?"

தங்கபுஷ்பம் கம்பத்துப் பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். "இன்னொண்ணு செஞ்சு தாரேன்க்கா. ஆனா சாவி என்கிட்டத்தான் இருக்கும்."

பிச்சம்மாளுக்கு அது போதுமாக இருந்தது. தங்கபுஷ்பம் முக்காலியில் ஏறிப் பெட்டியைக் கழற்றினாள், பேட்டரியோடு ஒரு கட்டைப் பையில் வைத்தாள். பால்வண்ணன் ஓட்டுகிற ஆறரை மணி டவுன்பஸ்ஸில், டிரைவர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பியதும் ஊர் இருட்டத் தொடங்கியது. சாலை இருட்டியது, பருத்திக் காடு இருட்டியது, பஸ்ஸுக்குள் மட்டும் இருட்டவில்லை. ஜன்னலோரம் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்தவள், பள்ளிக்கூடத்து டீச்சர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த தபால்காரர் எல்லோர் முகத்திலும் ரோஜா நிறம் ஏறியிருந்தது. கண்டக்டர் உள் விளக்கைப் போடக் கை நீட்டி, தேவையில்லை என்று கையை எடுத்துக்கொண்டு டிக்கெட் கிழித்தார். எதிரே வந்த லாரிகள், கருப்புச் சாலையில் ஒரு சாயங்காலம் உருண்டு வருவதைப் பார்த்து ஹெட்லைட்டைத் தாழ்த்தி ஒதுங்கின.

கல்லூரி லேப்பில் அவள் பெட்டியை மேஜைமேல் வைத்து, பேட்டரியின் சிவப்பு வயரைப் பிடுங்கினாள். அறை இருட்டானது. லேப் உதவியாளர் தலை நிமிராமலே டியூப்லைட்டைப் போட்டு, ரிஜிஸ்டரை அவள் பக்கம் நகர்த்தி, பெட்டியில் நாற்பத்தியேழு என்று ஒரு சீட்டை ஒட்டி, மற்ற வருஷத்துத் தெருவிளக்குகளுக்கும் தண்ணீர்த் தொட்டி அலாரங்களுக்கும் நடுவே அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவள் கையெழுத்துப் போடும்போது போன் அடித்தது. மாமனார்.

"இங்க இருட்டிருச்சு தாயி. ஆறே முக்காலுக்கு. தானாவே வந்துச்சு. கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் வந்துச்சு, ஆனா வந்திருச்சு. மருந்து விட்டுட்டேன். சுபிக்குத் தோசை நானே ஊத்திக் கொடுத்துட்டேன், ஒண்ணுதான் கருகிப்போச்சு."

"நீங்க சாப்பிட்டீங்களா மாமா?"

"கருகினது எனக்குத்தான். நீ மெதுவா வா."

திரும்புகிற டிரிப்பில் அதே இருக்கையில் உட்கார்ந்தாள். மடியில் பை இல்லாதது விநோதமாக இருந்தது, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, மில் ஸ்டாப் வந்தா எழுப்புங்க."

"சரி," என்றான் பால்வண்ணன், கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டு.

இரண்டாவது வளைவிலேயே அவள் தலை கம்பியில் சாய்ந்துவிட்டது. மில் ஸ்டாப் வந்தது. பால்வண்ணன் பிரேக்கை அழுத்தியது தெரியாத அளவுக்கு மெதுவாக பஸ்ஸை நிறுத்தினான். இறங்க வேண்டிய ஏழெட்டுப் பேர் ஒருத்தர்பின் ஒருத்தராகச் சத்தமில்லாமல் இறங்கினார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா அவள் முந்தானை தரையில் இழுபடாமல் எடுத்து மடியில் போட்டுவிட்டு இறங்கினார். கண்டக்டர் விசிலை வாய்வரை கொண்டுபோய், ஊதாமல், பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு விரலால் மெல்லத் தட்டினார். வண்டி கிளம்பியது. மில் ஸ்டாப்பைத் தாண்டி இன்னும் பதினொரு கிலோமீட்டர் போய்த் திரும்பி வரவேண்டிய கடைசி ஊர்வரைக்கும், பள்ளம் மேடு எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்து ஒதுக்கி, கண் சிமிட்டாமல் ஓட்டினான் பால்வண்ணன், அவள் தூங்கினாள்.